திருகாணி

வாடகைக்கு விடுகிற சாமானில்
பொய் சொல்லத் தெரியாதது சமுக்காளம் ஒன்றுதான்.
நாற்காலி ஒடிந்தால் ஒட்டி அனுப்புவேன்.
அண்டா ஓட்டையை ஈயம் மறைக்கும்.
சமுக்காளத்தைத் திருப்பிப் போட்டால்
அந்தப் பக்கமும் அதே சிவப்பு, அதே கறுப்பு,
அதே பச்சைக் கோடு.
காலையில் துட்டிவீட்டில் விரித்ததை
சாயங்காலம் உதறி, மறுபுறம் போட்டு
நிச்சய வீட்டில் உட்காரவைத்திருக்கிறேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

குளச்சலில் கடை.
குறும்பனை ரெஜினோல்டு வந்து
நாற்காலி எழுபது, பந்தல் ஒன்று என்றான்.
சமுக்காளம்?
"வேண்டாம்க்கா, கார்ப்பெட் உண்டு."
குவைத்தில் பதினொரு வருஷம்.
முதலாளி வீடு மாறியபோது கொடுத்ததாம்.

பந்தல் கட்டப் போன நான்
செருப்பைக் கழற்றி அதன்மேல் ஏறினேன்.
கால் புதைந்தது.
யாரோ ஒருத்தியின் உச்சந்தலையை
மிதித்துவிட்டது போல இருந்தது, இறங்கிவிட்டேன்.
வாசலிலிருந்து பார்த்தால் கருஞ்சிவப்பு,
அடுக்களையிலிருந்து பார்த்தால் வெளிறிய ரோஸ்.
மயிர் சாய்ந்த பக்கத்துக்கு ஒரு நிறம்,
எதிர்த்த பக்கத்துக்கு வேறொன்று.

மோதிரம் போடும் நேரத்தில்தான்
பெண்ணின் கம்மல் திருகாணி விழுந்தது.
சத்தமே இல்லை.

சமுக்காளமாக இருந்தால்
நாலு பேர் நாலு முனையைத் தூக்கியிருப்போம்.
நடுவுக்கு உருண்டு வந்திருக்கும்.
இங்கே பன்னிரண்டு பெண்கள் முழங்காலில்,
பட்டுச்சேலை சுருண்டு,
கார்ப்பெட்டுக்குப் பேன் பார்த்தார்கள்.
ஒரு பொடியன் காந்தம் கொண்டுவந்தான்.
தங்கம் ஒட்டுமா அதில்?
நம்ம கடற்கரைக் கருமணல்தான்
மீசை மாதிரி முளைத்து வந்தது.
கொடிமுனைக்காரர்களின் டீ ஆறிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளைக்குச் சித்தப்பா சேசடிமை,
வலை பொத்துகிறவர், எழுந்தார்.
"கவுத்துப் போடுங்கடே."

முதுகு தெரிந்தது.
முகத்தில் மங்கலாய்க் கிடந்த பூவெல்லாம்
அங்கே பொடிப்பொடியாய், கணக்காய்.
கட்டைவிரலை ஓட்டினார்.
"லே, எல்லாம் முடிச்சு!"
தீப்பெட்டியை வைத்து அதன் அகலத்துக்கு எண்ணினார்.
இருபத்தி மூன்று.
பெண் வீடு, மாப்பிள்ளை வீடு,
திருகாணி, எல்லாம் மறந்துபோனார்.
"நாம முடிச்சுப் போடது ஓட்டை வைக்க.
இவ ஓட்டையே இல்லாம முடிச்சுப் போட்டிருக்கா.
பாவைத் தூக்கி, ரெண்டு இழையில சுத்தி, நறுக்கி,
ஒரு வரிசை முடிஞ்சா ஊடை ஓட்டி அடிச்சு...
இங்க ஒரு கண்ணு விட்டிருக்கா பாருங்க."
இவ என்று எப்படித் தெரிந்தது,
யாரும் கேட்கவில்லை.

பிறகு உள்ளங்கையால் அடித்தார்,
அழுகிற பிள்ளையின் முதுகில் தட்டுகிறாற்போல.
மணல் விழுந்தது.
கருப்பில்லை. மாவு நிறம்.
ஒரு பேரீச்சங்கொட்டை.
உடைந்த பாசிமணி.
கடைசியில் திருகாணி.

எல்லாரும் கைதட்ட
ரெஜினோல்டு மட்டும் குனிந்து
அந்த மணலை விரலால் தொட்டான்.
காந்தத்தைக் கேட்டு வாங்கி வைத்துப் பார்த்தான்.
ஒட்டவில்லை.
அவனே துடைப்பம் எடுத்துவந்து பெருக்கினான்.

ராத்திரி கடையில் ஒரு சமுக்காளத்தை
டியூப் லைட்டுக்குக் கீழே விரித்தேன்.
முடிச்சு தேடினேன், ஓரக் குஞ்சத்தில் தவிர எங்குமில்லை.
மேலே ஏறி, கீழே இறங்கி, திரும்பி வருகிற நூல்.
ஒன்றையும் கட்டவில்லை அது.
பிடிமானம் வெறும் நெருக்கம்தான்,
மினிபஸ்ஸில் கம்பி கிடைக்காமலே
விழாமல் நிற்கிறோமே, அப்படி.
விலை பேசினால் அவரது தீப்பெட்டி அகலத்துக்கு
என் நாலு சமுக்காளம் காணாது.
பேசட்டும்.

ஐப்பசியில் கல்யாணம்.
ரெஜினோல்டு திரும்ப வந்தான்.
"நாலு சமுக்காளம் வேணும்க்கா."
கார்ப்பெட்?
"பாயசம் கொட்டி, அலசிப் போட்டது.
மாடியில கிடக்கு. எட்டு நாளாச்சு,
மழை விட்டாத்தானே காய.
ரெண்டு ஆளு சேந்தும் தூக்க முடியல்ல."

எடுத்துக் கொடுத்தேன்.
முந்தின நாள் வாணியக்குடியிலிருந்து
வந்தது இரண்டு அதில்.
உதறித்தான் வைத்திருந்தேன்.

ஆட்டோவில் ஏற்றும்போது கேட்டான்:
"இதுல எந்தப் பக்கம் மேல வரணும்?"